ஓணான்பட்டியார் ‘இளநி வேட்டை’ விற்ற கதை

ஓணான்பட்டியை வரைபடத்தில் தேடாதீர்கள். வரைபடம் போட வந்த அதிகாரிக்கு ஊர்க்காரர்களே வழி சொன்னார்கள்; அந்த மனுஷன் இன்னும் வந்து சேரவில்லை. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் ஆவுடையப்பன், பிச்சமுத்து, தொந்தியப்பன் என்று மூன்று சிநேகிதர்கள். மூவரும் சேர்ந்து கம்ப்யூட்டரில் ஆடுகிற ஒரு விளையாட்டைச் செய்தார்கள். இவர்களுக்குக் கம்ப்யூட்டர் எப்படிப் பிடிபட்டது என்று கேட்கிறீர்களா? கம்ப்யூட்டரும் சொன்னதைச் சொன்னபடி செய்யும், இவர்களும் அப்படித்தான். பார்த்த மாத்திரத்தில் ஒருவருக்கொருவர் ஒட்டிப்போயிற்று.

விளையாட்டின் பெயர் ‘இளநி வேட்டை’. கோவணம் கட்டிய ஒரு திருடன் தென்னை மரத்தில் ஏறுவான். கீழே காவல்காரர் வருவார், கூடவே ஒரு நாய். காவல்காரர் தலையில் இளநியைப் போட்டுவிட்டுத் தப்பி ஓடினால் நூறு புள்ளி. பொய் சொல்வானேன், நன்றாகவே இருந்தது.

இதில் ஆவுடையப்பனுடைய வாழ்க்கையே அடங்கியிருந்தது. அவனுக்குக் கோமு மேல் உயிர். கோமுவுக்கும் சம்மதம்தான். அவள் அப்பா சுடலைக்கண்ணுதான் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்.

“முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன், ஒரே ஒருத்தன், நீ செஞ்ச விளையாட்ட காசு குடுத்து வாங்கட்டும். தை பிறக்கதுக்குள்ள வாங்கினா பொண்ணு உனக்கு. இல்லன்னா கயத்தாறு லாரிக்காரருக்கு.”

பிச்சமுத்து உடனே வெளியே போய், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். “ஐயா, நான் யாருன்னு தெரியுதா?” என்று கேட்டான்.

“பிச்சமுத்து” என்றார் சுடலைக்கண்ணு. அந்த யோசனை அதோடு போயிற்று.

இண்டர்நெட்டில் இருக்கும் ஒரு கடையில் விளையாட்டை விற்பனைக்கு வைத்தார்கள். மறுநாளே கடைக்காரர்கள் எழுதினார்கள்: “எங்களுக்கு உங்கள் விளையாட்டு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் வாங்குகிறவரிடம் காசு வாங்கி எங்களிடம் சேர்ப்பது விரைவுப்பணம் என்கிற கம்பெனி. அவர்களுக்குப் பிடிக்கவில்லை. தலையில் அடிபடுவதை எடுக்காவிட்டால் காசைத் தொட மாட்டார்களாம்.”

தொந்தியப்பனுக்கு இது விளங்கவில்லை. “அவங்க விளையாட்டு செய்தவங்களாடே?” என்று கேட்டான்.

“இல்ல” என்றான் ஆவுடையப்பன்.

“விக்கவங்களா, வாங்குதவங்களா?”

“ரெண்டும் இல்ல. நடுவுல காசு கொண்டுபோறவங்க.”

“பஸ்ஸுல பூக்கூடைய ஏத்தினா கண்டக்டர் டிக்கெட் போடுவாரு. ‘மல்லி வேண்டாம், கனகாம்பரம் கட்டு’ன்னு சொல்லுவாரா?”

“சொன்னா என்ன செய்வ? இறங்கி நடப்பியா?”

தொந்தியப்பனுக்கு நடப்பது ஆகாது. விஷயம் அங்கேயே தீர்ந்துபோயிற்று.

சரி, தலையில் அடிபடக் கூடாது. இளநியை எடுத்துவிட்டால் விளையாட்டே இல்லை. கூடி உட்கார்ந்து யோசித்து, காவல்காரரின் தலையை எடுத்துவிட்டார்கள். “இனி எப்படில தலையில படும்?” என்று பிச்சமுத்து சொல்ல, மூவரும் நிம்மதியாக டீ குடிக்கப் போனார்கள்.

இரண்டாவது கடிதம் வந்தது. தலையில்லாத முண்டம் தோப்பில் உலாத்துவதைப் பார்த்து விரைவுப்பணத்தில் ஒரு அம்மாள் மயங்கி விழுந்துவிட்டாராம். காவல்காரரை முழுசாக எடுக்க வேண்டும். அத்தோடு, உடம்பில் துணியில்லாத எதுவும் திரையில் வரவே கூடாது.

காவல்காரர் போனார். திருடனுக்கு முழுக்கைச் சட்டையும் பேண்ட்டும் மாட்டினார்கள். நாய்க்குக் கால் நாலு என்பதால் இரண்டு பேண்ட்.

“இளநி?” என்றான் தொந்தியப்பன்.

“அதுக்குத்தான் மட்டை இருக்கே” என்றான் பிச்சமுத்து.

“சீவினா?”

சீவின இளநி துணியில்லாத கணக்கில் சேருமா என்று அரை நாள் வாதம் நடந்தது. கடைசியில் ஒவ்வொரு இளநிக்கும் இடுப்பில் ஒரு துண்டு கட்டினார்கள். குடிக்கும்போது திருடன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார்கள்.

மூன்றாவது கடிதம்: திருட்டு சட்டப்படி குற்றம், பிறத்தியார் பொருளைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. அதற்கென்ன, கேட்டே எடுக்கட்டும் என்று திருடனை மரத்தடியில் நிறுத்தினார்கள். யாரிடம் கேட்பது? காவல்காரரைத்தான் எடுத்தாயிற்றே. அவன் பாட்டுக்கு இஸ்திரி போட்ட பேண்ட்டோடு நின்றுகொண்டிருந்தான். பிச்சமுத்து மூன்று நாள் ஆடிப் பார்த்தான்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டான் ஆவுடையப்பன்.

“இன்னும் ஒருத்தரும் வரல. ஆனா அடுத்து என்ன நடக்கும்னு ஒரு இது இருக்கு.”

மார்கழி பாதி போய்விட்டது. அப்போது வந்தது நாலாவது கடிதம். யாராவது ஆட்சேபிக்கக்கூடிய எதுவும் விளையாட்டில் இருக்கக் கூடாது என்று ஒரே வரி. ஆவுடையப்பன் விரைவுப்பணத்துக்கே போன் போட்டான்.

“எதைன்னு சொன்னா எடுத்துருவோம்மா” என்றான்.

“எதை என்று சொல்வதற்கில்லை சார். இருந்தால் நிறுத்திவிடுவோம்” என்றாள் அங்கிருந்த பெண், ரொம்ப மரியாதையாக.

“எனக்குக் கல்யாணம்மா.”

“வாழ்த்துகள் சார்” என்று போனை வைத்துவிட்டாள்.

ஆவுடையப்பன் கம்ப்யூட்டர் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான். கோமு லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து போவது அவன் கண்ணில் தெரிந்தது. பாவம், முட்டாளுக்கும் நெஞ்சு ஒன்றுதானே.

அவன் அழுவதைப் பொறுக்காமல் தொந்தியப்பன் எழுந்தான். “ஏல, யாராவதுன்னா யாரு? எல்லாரும்தான். எல்லாரையும் கேட்டுருவோம்.”

கம்ப்யூட்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றி, “ஆட்சேபணை இருக்கா, ஆட்சேபணை” என்று தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போனார்கள். ஓணான்பட்டியில் அதுவரைக்கும் யாரும் யாரிடமும் அபிப்பிராயம் கேட்டதில்லை. விடுவார்களா?

தென்னையைப் பார்த்தால் மரத்திலிருந்து வழுக்கி விழுந்த தன் மைத்துனன் ஞாபகம் வருகிறது என்றார் எண்ணெய்க் கடைக்காரர். தோப்பு போயிற்று. நாய் தன்னைவிட நல்ல பேண்ட் போட்டிருக்கிறது என்று வாத்தியார் வருத்தப்பட்டார். நாய் போயிற்று. திருடனுக்குக் கிருதா சரியில்லை என்றார் சலூன்காரர். கிருதாவை மட்டும் எடுக்கத் தெரியாமல் திருடனையே எடுத்தார்கள். வெறும் வெள்ளைத் திரை மிஞ்சியது. வெள்ளையில் அழுக்கு தெரியும் என்றார் இஸ்திரிக்காரர். கறுப்பாக்கினார்கள். “கல்யாண காரியத்துல கறுப்பா?” என்று சுடலைக்கண்ணு முகம் சுளித்தார். கடைசியில் சாம்பல் நிறம் பூசினார்கள். அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஐந்தாவது கடிதம் பாராட்டுக் கடிதம். எல்லா வயதினருக்கும் ஏற்ற விளையாட்டு, தாராளமாக விற்கலாம்.

மார்கழி முடிய ஒரு நாள் இருக்கும்போது திண்டுக்கல்லிலிருந்து ஞானசேகர் என்று ஒருத்தர் காசு கொடுத்து வாங்கிவிட்டார். சுடலைக்கண்ணு அந்தச் செய்தியை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“இந்த ஞானசேகர உனக்கு முன்னப்பின்ன தெரியுமா?”

“தெரியாது மாமா.”

“எனக்கும் தெரியாது. அப்ப சரிதான்” என்று தையிலேயே முகூர்த்தம் குறித்துவிட்டார்.

கல்யாணத்தன்று ஆவுடையப்பன் தாலியைக் கையில் எடுத்த நேரம், பிச்சமுத்து போனைத் தூக்கிக்கொண்டு மணவறைக்கு ஓடிவந்தான். ஞானசேகர் எழுதியிருந்தார்: “விளையாட்டு பிரமாதம். வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆடுகிறேன். முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டேன். இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன். தயவுசெய்து வழி சொல்லவும்.”

ஆவுடையப்பன் தாலியைத் தட்டில் வைத்துவிட்டான். “இந்தக் கல்யாணமே அவரு புண்ணியம். அவரை நடுவழியில விட்டுட்டு நான் மட்டும் தாலி கட்டினா நல்லாருக்காது” என்றான். சுடலைக்கண்ணுவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கம்ப்யூட்டர் மணவறைக்கு வந்தது. எல்லாரும் சாம்பல் திரையைச் சுற்றிக் கூடினார்கள்.

“இடது பக்கம் போவச் சொல்லுவமா?” என்றான் தொந்தியப்பன்.

“அங்கதான் மாட்டியிருப்பாரு” என்றான் பிச்சமுத்து.

“எனக்கு மொதக் கட்டமே பிடிபடலயே மாப்ளே” என்றார் சுடலைக்கண்ணு.

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். மேளக்காரர்கள் நாயனத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். முகூர்த்தம் முடிய ஐந்து நிமிஷம்தான் இருந்தது. முன்வரிசையில் கயத்தாறு லாரிக்காரர் எழுந்து வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டார்.

அதுவரை தலை குனிந்திருந்த கோமு மாலையை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“ரெண்டாவது கட்டமா? அத நான் முந்தாநேத்தே தாண்டிட்டேன். சீக்கிரம் தாலியக் கட்டுங்க, மூணாவதுல எனக்கு ஒரு ஆள் துணை வேணும்.”