கமிஷனரின் குரல் வந்த வழி

இணைய விளையாட்டு நகரம் ஒன்று. அங்கே திருடனும் போலீஸும் கணினி முன் உட்கார்ந்திருப்பவர்கள்தான். போலீஸ் அணியின் கமிஷனர் துரைவேலன் வாக்கி-டாக்கியை எடுத்தால் வைக்கவே மாட்டார். புதிதாகச் சேர்ந்த கான்ஸ்டபிள் நிலோபர், "சார், மத்தவங்களும் பேசணும், கொஞ்சம் விடுங்க" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. "பேங்கைக் கொள்ளையடிச்சவங்களை நீ ஒருத்தியே பிடி. வாக்கி-டாக்கியில ஒரு வார்த்தை பேசக்கூடாது. முடியலைன்னா அணியை விட்டுப் போ!"

நிலோபர் தெருத்தெருவாக அலைந்தாள். யாரிடமும் துப்புக் கேட்க முடியவில்லை. கமிஷனரோ, "பாலத்தை அடைங்க, சந்தையை விடுங்க" என்று ஓயாமல் முழங்கினார். எரிச்சலில் தன் வாக்கி-டாக்கியை அணைத்தாள். அப்போதும் அவர் குரல் கேட்டது, பக்கத்துக் கிடங்குக்குள்ளிருந்து! கதவை உடைத்தாள். போலீஸிடம் திருடிய வாக்கி-டாக்கியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள் கொள்ளையர்கள்.

நிலோபர் அவர்களைப் பிடித்த விதத்தைக் கேட்ட துரைவேலன், அணி முழுக்கக் கேட்க வாக்கி-டாக்கியில் மார்தட்டினார்: "பாத்தீங்களா, என் குரலாலதான் பிடிபட்டாங்க!"

"ஆமா சார்," என்றாள் நிலோபர், தன் வாக்கி-டாக்கியை மறுபடி போட்டு. "இவ்வளவு நேரம் தப்பிச்சதும் அதாலதான். எங்கே அடைக்கிறோம், எங்கே விடுறோம்னு நீங்கதானே சொல்லிக்கிட்டிருந்தீங்க!"

கமிஷனர் முதல்முறையாக வாக்கி-டாக்கியைக் கீழே வைத்தார்.