கடைக்குள் போன அப்பளப் பெட்டி

மதுரையில் மங்களேஸ்வரி என்று ஒருத்தி அப்பளம் போட்டு விற்றுவந்தாள். அவளிடம் வாங்குகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் தெருமுனை மளிகைக்கடை தங்கப்பாண்டி அண்ணாச்சி. வாங்கிய சரக்கு நமத்தாலும் நொறுங்கினாலும் அது அவர் பாடு. ஒருநாளும் திருப்பிக் கொடுத்ததில்லை. மற்றது, பெரிய ரோட்டில் புதிதாக வந்த சூப்பர் மார்க்கெட். அங்கே பிரதாப் என்கிற பையன் மேனேஜர்.

"விக்கிற வரைக்கும் சரக்கு உங்களோடதும்மா. வித்தாத்தான் காசு" என்பது அவன் போட்ட சட்டம். எலி கடித்த பாக்கெட் அவள் தலையில். ஏ.சி. தண்ணீர் சொட்டி நமத்ததும் அவள் தலையில். "ஆண்டவனே, அந்த எலியையும் நானா வளர்த்தேன்?" என்று அலுத்துக்கொள்வாள், மறுநாளும் போய் அடுக்கிவிட்டு வருவாள். ஊரே அங்கேதானே போகிறது, என்ன செய்ய!

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வெயில் இல்லாமல் அப்பளம் ஏது? போட்டதெல்லாம் பூஞ்சை பூத்துப்போனது. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி குடையோடு வந்து நின்றார்.

"தங்கச்சி, நாளைக்கு நான் சாமான் போடுற கல்யாண வீட்டுப் பந்திக்கு உன் அப்பளம்தான்னு அப்பவே சொல்லி வச்சேனே. நீயும் சரின்னியே!"

உண்மைதான், வாக்குக் கொடுத்திருந்தாள். காய்ந்த அப்பளம் என்று மிஞ்சியிருந்தது, சூப்பர் மார்க்கெட்டில் பிரிக்காமல் கிடந்த ஒரு பெட்டிதான். அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள்.

"அந்தப் பெட்டியைக் குடுத்துருங்க தம்பி."

பிரதாப் கையை விரித்தான். "நாளைக்கு ஆஃபர்மா. ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்னு உங்க அப்பளத்தைத்தான் போர்டுல போட்டிருக்கேன்."

"இலவசம் யாரு குடுக்கிறது?"

"கம்பெனிதான்."

"எந்தக் கம்பெனி?"

"நீங்கதாம்மா."

"நல்ல தர்மம்ப்பா!" என்றார் அண்ணாச்சி. "சரக்கு அவளுது, பேரு உனக்கா?"

"கடைக்குள்ள வந்த சரக்கு கடையோடது, அண்ணாச்சி. அதைத் தூக்கிட்டுப் போனா இனிமே இந்தம்மா அப்பளத்துக்கு இங்கே இடம் கிடையாது."

மங்களேஸ்வரி கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டாள். இந்தக் கடை போனால் பாதிப் பிழைப்பு போகும். விட்டுவிட்டாலோ, அண்ணாச்சி கல்யாண வீட்டில் தலைகுனிய வேண்டும். பெட்டியைத் தூக்கி அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டாள்.

நீங்களே சொல்லுங்கள்: அந்தப் பெட்டி யாருடையது? அதை அவள் எடுத்தது சரியா, எடுக்கக்கூடாது என்று அவன் தடுத்தது சரியா?

விடை: சரக்கு கெட்டால் யார் அழவேண்டுமோ, சரக்கு அவருடையது. எலி தின்றபோது "உங்களோடது" என்றவன், பந்திக்குக் கேட்டபோது மட்டும் "கடையோடது" என்பது எந்த ஊர் நியாயம்? பெட்டி மங்களேஸ்வரியுடையதுதான், வாக்குக் கொடுத்த இடத்துக்கு அது போனதும் சரிதான். இனி இடமில்லை என்று சொல்ல மட்டும் பிரதாபுக்கு உரிமை உண்டு. அதையும் சொன்னபடியே செய்துவிட்டான். நியாயத்தின் பக்கம் நின்றதற்கு அவளுக்குக் கிடைத்த பலனைக் கேளுங்கள். வாசலைத் தாண்டியதுமே அண்ணாச்சி பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு சொன்னாராம்: "விலையைக் கொஞ்சம் பார்த்துப் போடு தங்கச்சி. இனிமே எனக்கு மட்டும்தானே குடுக்கப்போறே!"