மருதாயி விட்டது

காலை நீட்டிப் படு. போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்க. ம் கொட்டணும், சரியா? நீ ம் கொட்டுறதை நிறுத்தினா நானும் கதையை நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு ஆறு இருந்துச்சு. ஆறுன்னா பேருக்குத்தான் ஆறு. தண்ணி ஓடாது, மணலுதான் வெள்ளை வெளேர்னு கெடக்கும். அந்த மணலாத்தங்கரையில ஒரு கெழவி இருந்தா. அவ பேரு மருதாயி. வாயில பொட்டுப் பல்லு கெடையாது. புருசன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆச்சு. மூணு மகனுங்க. மூத்தவன் வையாபுரி, நடுவுலவன் தங்கராசு, கடைக்குட்டி பூபதி. மூணு பேருக்கும் கல்யாணம் ஆயி மூணு மருமக வந்தாச்சு. ஆனா வீடு ஒண்ணு, அடுப்பும் ஒண்ணு. பாசத்துல ஒண்ணா இருந்தாங்கன்னு நெனைக்காத. மூணு அடுப்பு எரிஞ்சா மூணு சிலிண்டர் ஆகுமில்ல, அதான். அம்புட்டுச் சிக்கனம்.

"ம்."

பல்லு இல்லாதவ என்னத்தைத் தின்னுவான்னு கேக்குறியா? கொல்லையில அவளே வச்சு வளர்த்தது மூணு இருந்துச்சு. கூரை மேல ஒரு பூசணிக்கொடி. கெணத்தடியில ஒரு பப்பாளி. வேலியோரம் ஒரு முருங்கை. பூசணியைக் கொழையக் கொழைய வேக வச்சா நாக்காலேயே மசிச்சிடலாம். பப்பாளி பழுத்தா வழுக்குன்னு உள்ள போகும். முருங்கைக் கீரையைக் கடைஞ்சு சோத்துல விட்டா வேற எதுவும் வேணாம். அந்த மூணுலதான் அவ உசுரு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. மணலாத்துலயே பொழைச்சவ இல்லையா? தண்ணி கரை பொரண்டு ஓடுற ஆத்துல, அந்தக் கங்கையில, தலை நனைய ஒரு முழுக்குப் போடணும். அம்புட்டுதான். அதுக்காக ஆடு வளர்த்தா. ஆடு குட்டி போட்டா, "இது காசிக்குட்டி, இதை யாரும் அடிக்கக் கூடாது"ன்னுடுவா. அப்புறம் ஒரு நா மொத்த ஆட்டையும் வித்து, பணத்தை மூத்தவன் கையில வச்சு, "சாமி, என்னைய காசிக்குக் கூட்டிட்டுப் போடா"ன்னா.

மூத்தவன் பார்த்தான். "ஆத்தா, போறதுதான் போறோம், குடும்பத்தோட போயிட்டு வந்திடுவோம்"ன்னான்.

மருதாயிக்கு வாயெல்லாம் சிரிப்பு. "எல்லாரும் வாங்கடா!"

அப்போ எல்லாரும் அவ கட்டிலைச் சுத்தி ஒக்காந்து கணக்குப் போட்டாங்க. ஆட்டுப் பணம் ஒரு பக்கம், ஏழு பேரு ஒரு பக்கம். இடிச்சுச்சு.

"ஏசிப் பெட்டி கட்டுப்படியாகாது"ன்னான் தங்கராசு. அவன்தான் செல்போனைத் தட்டித் தட்டிப் பார்க்குறவன்.

"ஏசி எதுக்குடா? எனக்கு மூக்கு ஒழுகும். சாதாப் பெட்டி போதும்"னா மருதாயி.

நறுக்! ஒண்ணைக் கத்தரிச்சாச்சு. அப்பவும் இடிச்சுச்சு.

"லாட்ஜு வாடகை ஒதைக்குது"ன்னான் பூபதி.

"சத்திரத்துத் தரையில படுத்துக்குறேன்டா. கட்டில்ல படுத்துத்தான் என்னத்தைக் கண்டேன்?"

நறுக்! அப்பவும் இடிச்சுச்சு.

"ரயில்ல சாப்பாட்டுச் செலவு இருக்கே"ன்னான் வையாபுரி.

"புளியோதரை கிண்டித் தர்றேன்டா. போற வழி பூரா கெடாது."

நறுக்! பாரு கண்ணு, கெழவிதான் எடுத்து எடுத்துக் குடுக்குறா, அவனுங்க நறுக்கிக்கிட்டே வர்றானுங்க. ஆனா அப்பவும் இடிச்சுச்சு.

"ம்... அப்புறம்?"

அப்புறம் மூத்த மருமக சரசுதான் தொண்டையைக் கனைச்சா. "அத்தைக்குக் கீழ்ப் படுக்கையாத்தான் வேணும். அங்க எறங்கினதும் ஆட்டோ வேணும். படித்துறையில எறக்க ஒரு ஆளு, ஏத்த ஒரு ஆளு. எல்லாம் தனித் தனியாக் காசு"ன்னா.

வையாபுரி தலையைச் சொறிஞ்சான். "ஆத்தா, நான் எனக்காகச் சொல்லல. ஒனக்குத்தான் செரமம்."

"எனக்கு என்னடா செரமம்?"

"போன எடத்துல ஒனக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"ஆகட்டுமே. காசியில செத்தா மோட்சம்டா!"

"நீ மோட்சத்துக்குப் போயிடுவ ஆத்தா. ஆகுற செலவை யாரு பார்க்குறது?"ன்னான் பூபதி.

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. மருதாயியும் பொக்கை வாயைத் தொறந்து கூடவே சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே ஒவ்வொரு மூஞ்சியாப் பார்த்தா. ஒருத்தனாவது, "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் ஆத்தா"ன்னு சொல்லுவான்னு பார்த்தா. ஒருத்தனும் சொல்லல.

நறுக்!

யாரை நறுக்கினாங்கன்னு புரியுதா?

"ம். ஆயாவை."

ஆமா. கெழவியைக் கத்தரிச்சதும் கணக்குச் சரியாப் போச்சு.

கெழவி சண்டை போடல. சொன்ன சொல்லுக்குப் புளியோதரை கிண்டினா. நல்லெண்ணெய் மணக்க மணக்கக் கிண்டி, வாழையிலையில கட்டிக் குடுத்தா. குடுக்கும்போது மூத்தவன் கையைப் புடிச்சு, "என் பேரைச் சொல்லி ஒரு முழுக்குப் போட்டுடு சாமி"ன்னா. "சரி ஆத்தா"ன்னான். நடுவுலவன்கிட்டயும் சொன்னா. "அதை விட வேற வேலை என்ன ஆத்தா"ன்னான். கடைக்குட்டிகிட்டயும் சொன்னா. "ஒண்ணு என்ன, மூணு போடுறேன்"னான்.

கூ...ன்னு ரயிலு கெளம்புச்சு. தடக்கு தடக்கு, தடக்கு தடக்கு.

காசியில நல்ல குளிரு. மூக்குல இருந்து பொகை வருது. மூத்தவன் தண்ணிக்குள்ள எறங்கினான். ஸ்ஸ்ஸ்! பல்லு கடகடன்னு அடிச்சுக்குது. தனக்கு ஒரு முழுக்கு, களுக்! ஆத்தாவுக்கு இன்னொண்ணு போடணுமே... தம்பி போடுவான்னு ஏறிட்டான். நடுவுலவன் எறங்கினான், களுக்! ஆத்தாவுக்கு? அண்ணன் போட்டிருப்பான்னு ஏறிட்டான். கடைக்குட்டி எறங்கினான், களுக்! ரெண்டு அண்ணனும் போட்டிருப்பாங்க, கெழவிக்கு எத்தனை முழுக்குன்னு அவனும் ஏறிட்டான்.

அப்போ படித்துறையில நம்ம பக்கத்துப் புரோகிதர் ஒருத்தர் இருந்தாரு. "காசிக்கு வந்தா ஒண்ணை விட்டுட்டுப் போகணும். ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை. பிடிச்சதா விடுங்கோ. விட்டதை அப்புறம் வாயில வைக்கப்படாது"ன்னாரு.

மூணு பேரும் ஒதுங்கி நின்னு குசுகுசுன்னு பேசினாங்க. மூத்தவனுக்கு உருளைக்கெழங்கு வறுவல் இல்லாமச் சோறு எறங்காது. நடுவுலவனுக்கு மாம்பழம்னா பைத்தியம். கடைக்குட்டி வாயில எந்நேரமும் வெத்தலை. அதையெல்லாம் விட முடியுமா? ஆளுக்கு மூணு விடவும் மனசு வரல. ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக்கிட்டாங்க.

மூத்தவன் சொன்னான், "நான் பூசணிக்காயை விட்டேன்." அவனுக்கு அதைக் கண்டாலே கொமட்டும்.

நடுவுலவன் சொன்னான், "நான் பப்பாளியை விட்டேன்." அவன் அதை மோந்துகூடப் பார்க்க மாட்டான்.

கடைக்குட்டி சொன்னான், "நான் முருங்கைக்கீரையை விட்டேன்." உருவுறது யாரு, ஆயுறது யாருன்னு அவன் பொண்டாட்டி சலிச்சுக்குவா.

"பைசா நட்டமில்லாம விட்டாச்சு!"ன்னு ஒருத்தன் முதுகுல ஒருத்தன் தட்டிக்கிட்டாங்க. கெழவி நெனைப்பு ஒருத்தனுக்கும் வரல கண்ணு. வேணும்னு செய்யலை. நெனைப்பே வரல. அதுதான் பெரிய கொடுமை.

"ம்..."

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

திரும்பி வந்தாங்க. மருதாயி வாசல்லயே ஒக்காந்திருந்தா. "என் பேருக்கு முழுகினியாடா?"ன்னு மூத்தவனைக் கேட்டா. "தம்பி முழுகினான் ஆத்தா"ன்னான். நடுவுலவனைக் கேட்டா. "அண்ணன் முழுகினாரே"ன்னான். கடைக்குட்டியைக் கேட்டா. "அவங்க ரெண்டு பேரும் முழுகினாங்கல்ல"ன்னான். கெழவி மூணு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தா. அதுக்கப்புறம் அதைப் பத்திக் கேக்கல.

அன்னைக்குச் சாயங்காலம் சரசு அருவாளை எடுத்துக்கிட்டுக் கொல்லைக்குப் போனா. "அத்தே, காசியில விட்டது நம்ம அடுப்புல ஏறக் கூடாது. ஒரே அடுப்பு பாருங்க"ன்னா. சரக்! பூசணிக்கொடி கீழ வந்துச்சு. காயைத் தெருவுல வந்தவங்களுக்கு எடுத்துக் குடுத்தா. பப்பாளி மரத்தையும் சாய்ச்சா, பழுத்ததெல்லாம் பொத்து பொத்துன்னு வேலிக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டுக் கொல்லையில விழுந்துச்சு. முருங்கையை மட்டும் வெட்டல. காயி விக்கலாமில்ல?

ராத்திரிச் சோத்துக்கு மருதாயி தட்டுல உருளைக்கெழங்கு வறுவல், மொறுமொறுன்னு. வாயில போட்டு ஈறால கடிச்சுப் பார்த்தா. முடியல. எடுத்துத் தட்டோரத்துல வச்சா. மோரை ஊத்திக் கரைச்சுக் குடிச்சுட்டுப் படுத்துட்டா. மறுநாளும் மோரு. அதுக்கு மறுநாளும் மோரு.

"என்ன ஆத்தா, சரியாச் சாப்பிட மாட்டேங்குற?"ன்னு ஒருத்தன் கேட்டிருக்கணும் இல்லையா?

"ம்."

கேக்கல.

அப்புறம் கங்கை பூசை வச்சாங்க. காசிக்குப் போயிட்டு வந்தவங்க அடைச்ச சொம்பைத் தொறந்து, கங்கைத் தண்ணியை ஊருக்குக் குடுக்கணும். தெரு சனமே வந்துச்சு. மூணு மகனுங்களும் மாலை போட்டுக்கிட்டுப் பலகையில ஒக்காந்தாங்க. வர்றவங்க எல்லாம் கால்ல விழுந்து காசிக்கயிறு வாங்கிக்கிட்டாங்க. ஆட்டுக்காரி மருதாயி ஓரத்துல தூணுல சாஞ்சு ஒக்காந்திருந்தா.

டிக்! சொம்பு மூடி தொறந்துச்சு.

மருதாயி மெல்ல எந்திரிச்சு வந்தா. "டேய் வையாபுரி, அந்தத் தண்ணியை என் தலையில கொஞ்சம் ஊத்துடா"ன்னா.

ஊத்தினான். சளசளன்னு நெத்தியில எறங்கிக் கண்ணுல வழிஞ்சுச்சு. கெழவி கண்ணைத் தொறக்காமயே கேட்டா, "இப்ப நானும் காசியில முழுகின மாதிரிதானே?"

"அதே கங்கைதானே ஆத்தா. முழுகின மாதிரிதான்."

"அப்போ நானும் ஒண்ணை விடணுமில்ல?"

"எதையாச்சும் விடு ஆத்தா. பல்லைத்தான் நீ எப்பவோ விட்டுட்டியே!"ன்னான் பூபதி. கூட்டம் சிரிச்சுச்சு.

மருதாயி சிரிக்கல. அண்டை வீட்டு ராக்கம்மாவைப் பார்த்துக் கேட்டா. அவ முந்தியே காசிக்குப் போயிட்டு வந்தவ. "ராக்கு, பிடிக்காததை விடலாமாடி?"

"அது எப்படிக்கா? பிடிக்காததை விட்டா அதுக்குப் பேரு விடுறதா? ரொம்பப் பிடிச்சதைத்தான் விடணும்"னா ராக்கம்மா.

மாலை போட்டவனுங்க மூணு பேரும் தலையைக் குனிஞ்சானுங்க.

"எனக்கு ரொம்பப் பிடிச்சது மூணே மூணுதான்டி"ன்னு சொல்லிக்கிட்டே மருதாயி ஈரக் கையை நீட்டினா. மூத்தவன் தலையைத் தொட்டா. "இதை விட்டேன்." நடுவுலவன் தலையைத் தொட்டா. "இதையும் விட்டேன்." கடைக்குட்டி தலையிலயும் கை வச்சா. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துச்சு. அப்புறம், "இதையும் விட்டேன்"னு எடுத்துக்கிட்டா.

சரசுதான், "அத்தைக்கு வயசாயிடுச்சு, ஒளறுறாங்க, எல்லாரும் சாப்பிட வாங்க"ன்னு எலை போட்டா.

ஒளறல. மறுநா காலையில மருதாயி முருங்கை மரத்தடியில மூணு கல்லைக் கூட்டி அடுப்பு வச்சா. சுள்ளி பொறுக்கினா. கீரையை உருவினா. கொதக் கொதக்குன்னு கொழம்பு கொதிச்சுச்சு. நாள் போகப் போக, வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த பப்பாளி வெதை அங்கேயே மொளைச்சு மரமாச்சு. ராக்கம்மா பழம் பறிச்சுக் குடுப்பா.

வையாபுரி வந்தான். "ஆத்தா, வீட்டுக்குள்ள வா ஆத்தா"ன்னான்.

மருதாயி எந்திரிச்சு நின்னா. முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டா. "வாங்க. ஒக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"ன்னா. ஊருக்குப் புதுசா வந்த ஆளுகிட்டப் பேசுற மாதிரி பேசினா. அவன் வந்த வழியே ஓடிட்டான்.

தங்கராசு வந்தான். "நல்லா இருக்கீங்களா? பிள்ளைங்க சொகமா?"ன்னா. அவனும் நிக்கல.

பூபதி வந்தான். வெத்தலையைத் துப்பிட்டு வந்து, அவ காலைக் கட்டிக்கிட்டு அழுதான். "ஒரே ஒரு தடவை வாடான்னு கூப்புடு ஆத்தா. எருமை மாடேன்னு வையி. நான் இப்பவே வெத்தலையை விட்டுடுறேன். ரெண்டு டிக்கெட்டு எடுக்குறேன், நான் ஒன்னையத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போறேன்!"

கெழவியோட கை தன்னால அவன் தலைக்குப் போச்சு. முடி மேல படுற நேரம், டக்குன்னு இழுத்துக்கிட்டா. "எந்திரிங்க. யாராச்சும் பார்த்தா தப்பா நெனைப்பாங்க. விட்டதைத் திரும்ப எடுத்தா பாவம்"னா.

"அப்புறம் அந்த ஆயா காசிக்குப் போச்சா?"

போகல கண்ணு. கடைசி வரைக்கும் போகல. அவ செத்தப்புறம் மூணு மகனுங்களும் சாம்பலை எடுத்துக்கிட்டு, ஏசிப் பெட்டியில காசிக்குப் போனாங்களாம். கங்கையில நெஞ்சளவு நின்னு, ஆத்தா பேரைச் சொல்லி மூணு முழுக்கு இல்ல, வெறைக்க வெறைக்க எண்ணாம முழுகினாங்களாம். அதே புரோகிதரு, "இந்தத் தடவை எதை விடுறேள்?"னு கேட்டாராம்.

"என்ன சொன்னாங்க?"

என்னத்தைச் சொல்லுவாங்க? ஆத்தாவே போனப்புறம் விடுறதுக்கு அவனுங்ககிட்ட என்ன இருந்துச்சு? வெறுங்கையைப் பெசைஞ்சுக்கிட்டு நின்னானுங்க. தண்ணி அது பாட்டுக்கு ஓடுச்சு.

ம் கொட்டு பார்ப்போம்.

கொட்டலையா? சரி. கதை கரையேறிடுச்சு, கண்ணும் மூடிடுச்சு. தூங்கு.