இரண்டாம் முறை படித்த எண்

இதை எழுதுகிறவன் இந்தக் கதையை வெகு காலம் நம்பவில்லை. சொன்னவருக்குப் பொய் வராது என்று தெரியும். அப்படியும் மனம் ஒப்பவில்லை.

தங்கப்பழம் ரயில்வே கேட்கீப்பர். இரவில் வேலை, பகலில் தூக்கம். கண்ணை மூடினால் ஒரே கனவு. போன் அடிக்கும். கேட் திறந்து கிடக்கும். தண்டவாளத்தின் மேல் ஒரு பள்ளிக்கூட வேன் நிற்கும். ரயில் வரும். ஓடப் பார்ப்பார், கால் நகராது. அலறி எழுவார். தூங்கவே பயந்து, வேலையில் கண் சொருக ஆரம்பித்தது. ஒருநாள் அவர் கேட்டை மூடி முடிக்கவும் ரயில் கடக்கவும் சரியாக இருந்தது.

விடிந்ததும் உமையாள் அம்மையின் மடத்துக்குப் போனார். அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"ரயில் வருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"ஸ்டேஷன்லேருந்து போன்ல ஒரு எண் சொல்லுவாங்க. எழுதிக்கிட்டு, திருப்பிச் சொல்லிட்டு, கேட்டை மூடணும்."

"இனிமே அதை ரெண்டு தரம் படியுங்க. ஒரு தரம் படிச்சிட்டு கேட் பக்கத்துல நிக்கிற வேப்பமரத்தைப் பாருங்க. மறுபடி படியுங்க. கனவுல எழுத்து நிலையா நிக்காது. மாறியிருந்தா கனவு. படுக்கும்போது, 'அடுத்து போன் அடிச்சா ரெண்டு தரம் படிப்பேன்'னு சொல்லிக்கிட்டே தூங்குங்க."

"மந்திரம் ஒண்ணும் இல்லையாம்மா?"

"இருக்கு. நீங்க சொல்லி முடிக்கிறவரை ரயில் நிக்குமா?"

சில நாளில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"கனவுல படிக்க மறந்துபோகுதும்மா."

"முழிச்சிருக்கும்போது?"

"அப்பவும் சில தரம்..."

"பிறகு கனவை ஏன் திட்டுதீங்க?"

அடுத்த முறை வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார்.

"எண் மாறிட்டும்மா! நாற்பத்தேழுன்னு எழுதினேன். மரத்தைப் பார்த்துட்டுத் திரும்பினா எண்பதுன்னு இருக்கு. கனவுதானேன்னு ஸ்டூல்ல உட்கார்ந்துட்டேன். கேட்டை மூடவே இல்லை. ரயில் தானா நின்னுட்டு. டிரைவர் இறங்கி வந்து, 'தினமும் இந்த அலறல் அலறுதீரே வே, ஒருநாளாவது என்னைய ஒரு டீ குடிக்கச் சொன்னீரா'ங்கான்!"

அம்மையும் சிரித்தார். தங்கப்பழத்தின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

"ஒரு பயம் வந்திருக்கும்மா. வேலையில கண் அசந்து, நிஜ ரயிலையும் கனவுன்னு நினைச்சு உட்கார்ந்துட்டேன்னா?"

"கனவுலயும் கேட்டை மூடிட்டு உட்காருங்க."

அன்று அவர் விளக்கு வைக்கும் நேரம்வரை அசையாமல் தூங்கினார்.

இவ்வளவும் தங்கப்பழமே சொன்னது. வேலையை விட்டு வந்த பிறகும் கனவில் போன் அடிக்கிறதாம். எண்ணை இரண்டு தரம் படித்து, கேட்டை மூடிவிட்டுத்தான் உட்காருகிறாராம்.

தூங்குகிறவனுக்குத் தான் தூங்குவது எப்படித் தெரியும், அம்மைக்கு இதெல்லாம் யார் சொன்னது என்று கேட்க எத்தனையோ இருந்தது. கடைசியாக அவரைப் பார்த்தபோது, இதை எழுதுகிறவன் கேட்டது வேறு.

"அண்ணாச்சி, அந்த டிரைவருக்கு டீ கொடுத்தீங்களா?"