சபையில் சொறியாத ஒரே ஒருவர்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றைநாடு என்றொரு சீமையைக் குடைவளவன் என்கிற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். கோபம் மட்டும் பால் பொங்குகிற மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழிந்துவிடும். அவர் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா தும்மினால் சபையே தும்மும். அவர் கொட்டாவி விட்டால் கடைசி வரிசை வரைக்கும் வாய் திறந்து மூடும். செய்யாதவனுக்கு ராஜபக்தி இல்லை என்று பேர்.

பிறந்தநாள் விருந்து முடிந்த மறுநாள் ராஜாவுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்க ஆரம்பித்தது. சும்மா அரிப்பா அது? மிளகாய் அரைத்த கை மாதிரி எரிச்சலும் சேர்ந்துகொண்டது. வெந்நீரில் வைத்தால் அந்த நேரத்துக்குச் சுகம், எடுத்தால் முன்னைவிடக் காந்தும். சபைக்கு வந்து உட்கார்ந்து சொறிந்தார். ராஜா சொறிந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? சேனாதிபதி வாளை மடியில் கிடத்திவிட்டுச் சொறிந்தார். புலவர் பாதிப் பாட்டை நிறுத்திவிட்டுச் சொறிந்தார்.

அப்போது பொன்னம்பலத்தார் எழுந்தார். அரண்மனை அலங்காரமெல்லாம் அவர் பொறுப்பு. மந்திரி திருமேனியாரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. விருந்து சமைத்த அங்கம்மாளை அரண்மனைக்குக் கூட்டிவந்தவரோ அந்த மந்திரிதான்.

"மகாராஜா, விருந்தில் சேனைக்கிழங்கு மசியல் வைத்தாளே, அதன் வேலைதான் இது. தின்ற அத்தனை பேரும் சொறிவதைப் பாருங்கள். சமைத்தவளை நாட்டைவிட்டு அனுப்புங்கள். சிபாரிசு செய்தவரைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள்."

அங்கம்மாளை இழுக்காத குறையாகக் கூட்டிவந்தார்கள். கைப்பிள்ளைக்காரி. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள். பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்று ராஜா உத்தரவு போட்டார். பால்குடி மறக்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கென்று போவாள்? ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலும் கிழங்கைக் குறை சொன்னதை அவளால் பொறுக்க முடியவில்லை. புளி கரைத்து ஊற்றி, பக்கத்திலேயே நின்று, குழையக் குழைய வேகவைத்த கிழங்கு அது.

"மகாராஜா, கிழங்கை நீங்க வாயாலதானே சாப்பிட்டீங்க? நாக்கு அரிக்கலையே. கால் அரிக்குதுன்னா, காலாலயா சாப்பிட்டீங்க?"

சிரிக்கலாமா கூடாதா என்று சபை ராஜாவின் முகத்தைப் பார்த்தது. ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சபையும் சிரித்தது. உடனே பாதம் சுரீர் என்று எரிய, ராஜா முகம் மாறினார். வாய் இருக்கட்டும், இத்தனை பேர் சொறிகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

அங்கம்மாள் திரும்பி மந்திரியைப் பார்த்தாள். அவரோ இவளைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். இவரும் கைவிட்டுவிட்டார் என்று அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மந்திரி மெதுவாகத் தொண்டையைச் செருமினார். இது தொற்றிக்கொள்ளும் அரிப்பு போலத் தெரிகிறது என்றார். ஆகவே மகாராஜாவைத் தவிர அரிப்பு உள்ள அத்தனை பேரும் இப்போதே கோட்டைக்கு வெளியே கொட்டகைக்குப் போக வேண்டும், தோல் ஆறும்வரை உப்பில்லாக் கஞ்சிதான், அதுவரை அவரவர் பதவியை வேறு ஆள் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார்.

சேனாதிபதி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, இப்போதுதான் நின்றது என்றார். தனக்குக் கொசுதான் கடித்தது என்றார் புலவர். கண்ணை மூடித் திறப்பதற்குள், ராஜாவைத் தவிர அந்தச் சபையில் யாருக்கும் அரிப்பு இல்லை.

"பார்த்தீர்களா மகாராஜா? எல்லோரும் தின்ற கிழங்கு, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை" என்றார் மந்திரி.

"எனக்கு முதலிலிருந்தே இல்லை" என்று முந்திக்கொண்டார் பொன்னம்பலத்தார்.

"அதைத்தான் நானும் கவனித்தேன். மகாராஜா தும்மினால் முதல் தும்மல் உங்களுடையது. இன்று சபையே சொறிந்தபோது நீங்கள் மட்டும் சால்வைக்குள் கையை மூடிக்கொண்டு நின்றீர்கள். எங்கே, மகாராஜாவுக்கு ஒரு கும்பிடு போடுங்கள் பார்ப்போம்."

பொன்னம்பலத்தார் தலையை மட்டும் தாழ்த்தினார். கையை எடும் என்று ராஜா அதட்டினார். சால்வை விலகியது. விரலெல்லாம் வீங்கி, கொப்புளம் கட்டி, உள்ளங்கையில் கறுப்புக் கறை. அங்கம்மாள் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வண்ணார் துணிக்குக் குறி போடுகிற, தோலைப் பொசுக்கும் சேராங்கொட்டைப் பால் பட்ட கை அது.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பிறந்தநாளுக்குச் சிம்மாசனத்தின் கைப்பிடியும் கால்பலகையும் கருகருவென்று மின்ன வேண்டும் என்று சேராங்கொட்டை எண்ணெயைப் பூசியது பொன்னம்பலத்தார்தான். கடல்தாண்டி வந்த மெருகு என்று பெருமையடித்தவர், பக்குவம் வெளியே தெரியக் கூடாதென்று கடைசிப் பூச்சைத் தன் கையாலேயே தேய்த்திருந்தார். அது காய்வதற்குள் விருந்து வந்துவிட்டது. தன் கை பொங்கியதும் விஷயம் புரிந்தது, பயத்தில் கிழங்கின் மேல் பழியைப் போட்டுவிட்டார்.

கைப்பிடியில் கை வைத்திருந்த ராஜா வெடுக்கென்று கையை எடுத்தார், இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டார். பழக்கதோஷம், சபையும் தூக்கிக்கொண்டது.

வெந்நீர் வேண்டாம், சொறியவும் வேண்டாம், பச்சைத் தண்ணீரில் நன்றாகக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவுங்கள் என்று அங்கம்மாள் சொன்னாள். சிம்மாசனத்தைச் சுரண்டித் துடைக்கும்வரை ராஜா பாயில் உட்கார்ந்துதான் நியாயம் கேட்டார். எரிச்சல் நாளாக ஆக அடங்கியது. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. அங்கம்மாளுக்குக் கன்றோடு ஒரு கறவைப் பசு.

பொன்னம்பலத்தாருக்குத் தண்டனை? சபை நடுவில் இலை போட்டு, அவர் பழித்த அதே சேனைக்கிழங்கு மசியலைச் சாப்பிட்டு, நாக்கு அரிக்கிறதா இல்லையா என்று சாட்சி சொல்ல வேண்டும். கைதான் புண்ணாகக் கிடக்கிறதே, சேனாதிபதி பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டார். முதல் உருண்டையைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். இரண்டாவதற்குக் கண்ணைத் திறந்தார். மூன்றாவது முடிந்ததும் சாட்சி என்னவென்று ராஜா கேட்டார்.

பொன்னம்பலத்தார் அங்கம்மாளை நிமிர்ந்து பார்க்க வெட்கப்பட்டு, இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்கள்."