மயில்கழுத்து மப்ளர்

மாசானமுத்துவின் வில்லுப்பாட்டுக் குழுவில் மூளைக்குக் குறைவே கிடையாது. எவனும் அதை எடுத்துச் செலவு செய்ததில்லை என்பதால், பிறந்தபோது இருந்த அளவு அப்படியே இருந்தது. அதிலும் குடம் அடிக்கிற சுடலைக்கண்ணுதான் குழுவுக்கே யோசனைக்காரன். எதையும் கேட்ட உடனே தலையாட்டிவிட மாட்டான். கண்ணை மூடி, நன்றாக யோசித்து, அதற்கப்புறம்தான் தப்பாகப் புரிந்துகொள்வான்.

தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் பாட இவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாரும் செம்மணல் தேரிக்காட்டு வெயிலில் வெந்த ஆட்கள். மலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாசானமுத்து, "அடேயப்பா, என்னா குளுரு!" என்று வாயைத் திறந்தார். திறந்த வாய் வழியே குளிர் உள்ளே போனது, குரல் வெளியே போனது. அதற்குப் பிறகு வெறும் காற்றுதான் வந்தது.

"அண்ணாச்சி பாடலைன்னா என் கதி என்னவே?" என்று பின்பாட்டு இசக்கியப்பன் கலங்கினான். "நான் 'ஆமா' போடுதவன். எதுக்குன்னு 'ஆமா' போட?"

அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் ரோஸ்லின் அக்கா. கம்பளி நூலுக்குத் தன் கையாலேயே சாயம் ஏற்றுகிறவர். பெட்டியில் வைத்திருந்த ஒரு சிட்டம் நூலை எடுத்துவந்தார். பட்டு கலந்தது. மயில் கழுத்தை வெயிலில் திருப்பினாற்போல நீலமும் பச்சையும் ஓடியது.

"லேஸ் மப்ளர் பின்னி அண்ணன் கழுத்துல சுத்துங்க. என் கை சுளுக்கிக் கிடக்கு. நான் சொல்லச் சொல்ல நீங்க பின்னுங்க. ஒசத்தியான நூலு, பச்சப்புள்ள மாதிரி பாத்துக்கணும்."

மறுநாள் அக்கா வந்து பார்த்தால், உத்தரத்தில் வேட்டித் தூளி. உள்ளே நூல். இசக்கியப்பன் ஆராரோ பாடிக்கொண்டிருந்தான்.

"மெதுவாப் பேசுங்க அக்கா" என்றான் சுடலைக்கண்ணு. "இப்பத்தான் அசந்துச்சு. என்ன, பால்தான் குடிக்க மாட்டேங்கு."

அக்கா ஒரு பெருமூச்சு விட்டார். "சரி. அந்த நூல்ல கண்ணி போட்டு வைங்க. மத்தியானம் வந்து பாக்குறேன்."

மத்தியானம் வந்தால் வீட்டில் ஆளில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து சுடலைக்கண்ணு எழுந்தான். "போட்டாச்சு அக்கா! முயல் வர்ற தடம் பாத்துப் போட்டிருக்கோம்."

அதே சமயம் இசக்கியப்பன் ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். சேவலின் கழுத்தில் மயில்கழுத்து நிற நூல் பளபளத்தது.

"முயல் அம்புடலை. ஆனா கழுத்துக்கு எடுப்பா இருக்கு, பாத்தியளா?" என்றான்.

சேவலும் அதை ஒத்துக்கொண்ட மாதிரிதான் நின்றது.

அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து, இடது கையால் ஊசியில் கண்ணி ஏற்றிக் காட்டினார். சுடலைக்கண்ணு கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். குடத்தை அறைந்தே பழகின கை, மெத்தென்ற நூலைத் தொட்டதும் தானாகவே பதவிசாகிவிட்டது. அவனுக்கே ஆச்சரியம்.

"ஒவ்வொரு வரிசை முடிஞ்சதும் திரும்பணும்" என்று சொல்லிவிட்டு, அக்கா உலை வைக்கப் போனார்.

வரிசை முடிந்ததும் சுடலைக்கண்ணு எழுந்து திரும்பினான். நூல் பந்தை வைத்திருந்த இசக்கியப்பனும் திரும்பினான். சோறு வெந்து அக்கா வருவதற்குள் சுடலைக்கண்ணு, இசக்கியப்பன், வீட்டுத் தூண் மூவரும் ஒரே பின்னலாகிவிட்டார்கள். பிரித்தெடுப்பதற்குள் சோறு ஆறிப்போனது.

லேஸ் என்றால் இடையிடையே ஓட்டை விட வேண்டும் என்று அக்கா சொன்னபோதுதான் பெரிய தர்க்கம் வந்தது.

"குளுருக்குத்தான பின்னுதோம்? ஓட்டை விட்டா குளுரு உள்ள வராதாவே?" என்றான் இசக்கியப்பன்.

சுடலைக்கண்ணு கண்ணை மூடினான். "வரும். ஆனா வந்த குளுரு வெளிய போகணும்லா? ஓட்டை இல்லைன்னா உள்ளயே தங்கிரும்."

"ஆமா."

மாசானமுத்து இருவரையும் கிட்டே கூப்பிட்டு, காற்றுக் குரலில் கேட்டார்: "இதுல வர்ற ஓட்டை எது, போற ஓட்டை எது?"

இருவரும் ஆடிப்போனார்கள். ஊசி நின்றது. கடைசியில் சுடலைக்கண்ணுதான் வழி சொன்னான்: "அது குளுருக்குத் தெரியும் அண்ணாச்சி. இத்தனை வருசமா இந்த மலையிலதான இருக்கு."

அக்கா பிரிப்பதும் இவர்கள் பின்னுவதுமாக, திருவிழா அன்று காலையில் மப்ளர் ஒருவழியாக முடிந்தது. மாசானமுத்து கழுத்தில் சுற்றிக்கொண்டார். கன்னத்தால் ஒருமுறை தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. சுடலைக்கண்ணுவுக்கு மார்பு நாலு அங்குலம் விரிந்தது.

"சுருங்கிக் கிடக்கு" என்றார் அக்கா. "நனைச்சு, நாலு பக்கமும் இழுத்து, பாயில குண்டூசி குத்தி வெயில்ல காயப் போடுங்க. அப்பத்தான் பூவேலை விரியும்." குண்டூசி டப்பாவைக் கொடுத்துவிட்டு அவர் கடைத்தெருவுக்குப் போனார்.

"கழுத்துலேருந்து கழத்தணும்னு சொன்னாகளா?" என்றான் இசக்கியப்பன்.

"சொல்லலை. சொல்லாததைச் செஞ்சு கெடுத்துரக் கூடாது."

ஒரு குடம் பச்சைத் தண்ணீரை அண்ணாச்சி தலையில் ஊற்றினார்கள். பாயில் கிடத்தி, கையைக் காலை நாலு பக்கமும் இழுத்துவிட்டார்கள். சுடலைக்கண்ணு பயபக்தியோடு ஒவ்வொரு ஊசியாகக் குத்தினான். கடைசி ஊசி மப்ளரையும் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனது.

"ஐயோ, அம்மா!"

அந்தக் குரல் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது.

"ஆமா!" என்றான் இசக்கியப்பன், பழக்கதோஷத்தில்.

"குரல் வந்துட்டுவே! மப்ளர் வேலை செய்யுது!" இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

"குளுருதுலே, பாவிகளா!" என்று மாசானமுத்து கட்டைக் குரலில் முழங்கினார். "போத்திக்க எதையாவது தாங்கலே!"

"பொறுங்க அண்ணாச்சி. இது காஞ்சதும் இதையே போத்தி விட்டுருவோம்."

"அதுவரைக்கும்?"

சுடலைக்கண்ணு கண்ணை மூடி யோசித்தான். "அதுவரைக்கும் இன்னொண்ணு பின்னிருவோம்."

நூலுக்கு எங்கே போவது? நல்லவேளையாக, அண்ணாச்சியின் காதோரம் ஒரு நூல் முனை நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தான். வழுக்கிக்கொண்டு வந்தது. ஊசியை எடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து மளமளவென்று பின்ன ஆரம்பித்தான்.

வெகுநேரம் காவலிருந்த இசக்கியப்பன் குனிந்து அண்ணாச்சியின் கழுத்தைப் பார்த்தான். பாதிதான் மூடியிருந்தது. அவன் முகம் மலர்ந்தது.

"நல்ல வெயிலுவே! பாதி மப்ளர் அதுக்குள்ள காஞ்சே போச்சு."