கழுவாத கை

முன்னொரு காலத்திலே, ஆறு வற்றினாலும் பால் வற்றாது என்று பேர்பெற்ற ஆம்பல்நாட்டை மதவேழன் என்னும் மன்னன் ஆண்டுவந்தான். காலையில் சூட்டிய பட்டத்தை மாலையில் பறிப்பான். மாலையில் வைதவனுக்கு மறுநாள் பல்லக்குக் கொடுப்பான். அவன் அவையில் உண்மையை நேராகச் சொல்லிப் பிழைத்தவர் எவருமில்லை. விகடத்தில் பொதிந்து சொல்லிப் பிழைத்தவர் ஒருவர் உண்டு. அவர்தாம் மந்திரி மறைக்காடர். நாள்தோறும் நீறணிந்து, திருமுறை ஓதி, பிறகு பொய்யர் நடுவே போய் அமர்வது அவருக்கு விதித்த விதி.

ஒரு பிறந்தநாளில் மன்னன் தன் தொழுவத்துப் பசு ஒன்றின் மடியைத் தடவிக்கொடுத்து, அதற்குப் பட்டம் கட்டினான். தொழுவத் தலைவர் கோளரியார் உடனே எழுந்தார்.

"அரசே, தங்கள் திருக்கரம் பட்ட மடி இது. இனி இதையே முதலில் கறப்போம். கறந்த கையைக் கழுவாமல் மற்றப் பசுக்களையும் கறந்தால் தங்கள் திரு எல்லா மடிக்கும் பரவும்."

அவை ஆரவாரித்தது. மறைக்காடரும் தலையசைத்தார். முகத்துதிகளில் அதுவும் ஒன்று என்றே அன்று எண்ணினார்.

மழைக்காலம் முடிவதற்குள் பட்டத்துப் பசுவுக்கு மடிநோய் கண்டது. மடி கல்லாய் இறுகியது. பால் திரிதிரியாய், குருதி கலந்து வந்தது. அடுத்த பசுவுக்கும் அவ்வாறே ஆயிற்று, அதற்கடுத்ததற்கும் அப்படியே. வலி பொறாத தாய்ப்பசுக்கள் முட்டவந்த கன்றுகளை உதைத்துத் தள்ளின. கன்றுகள் ஒவ்வொன்றாய் மாண்டன. பால் முதலான ஆனைந்தில் நீராடும் சிவபெருமானின் திருமஞ்சனக் குடம் வெறுங்குடமாகக் கோயிலுக்குப் போனது.

மன்னன் சீறினான். கோளரியார் கைகாட்டியது பால் கறக்கும் ஆய்ச்சி முல்லையாளை.

"கைராசி கெட்டவள், அரசே. இவள் தொட்ட மடியெல்லாம் அழுகிற்று."

"அப்படியானால் அந்தக் கை எதற்கு? நாளை அவையில் வெட்டுங்கள்."

முல்லையாள் அழவில்லை. "கழுவாதே என்றார்கள், சாமி. ஒருநாளும் நான் கழுவினதில்லை" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சொல் மறைக்காடரின் நெஞ்சில் தைத்தது. அந்தி சாயுமுன் தொழுவத்துக்குப் போனார். கறக்கும் வரிசை எதுவோ, நோயின் வரிசையும் அதுவே. அதே மேய்ச்சலில் மேய்ந்து அதே குளத்தில் நீர் குடித்த ஊர்ப் பசுக்களுக்கு ஒன்றுமில்லை. ஊரார் கை கழுவிக் கறந்தார்கள். உடன்வந்த கோளரியார் எதையோ சுட்டிக்காட்டக் கைநீட்டியபோது கையை மூடியிருந்த பட்டு உத்தரீயம் நழுவியது. விரலிடுக்கெல்லாம் சிரங்கு. மறைக்காடர் காணாதவர்போல் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் முல்லையாளை அவையில் நிறுத்தினார்கள். வாளும் வந்தது. மறைக்காடர் எழுந்தார்.

"அரசே, வாளுக்கு முன் ஒரு விண்ணப்பம். பசுவின் திருதான் பரவவில்லை. மனிதரின் திருவாவது பரவட்டுமே. தங்கள் அருளை நம் கோளரியாரைவிட அதிகம் பெற்றவர் யார்? ஊழியன் முதலில் அவர் கைகளில் சந்தனம் தேய்க்கட்டும். தேய்த்த கையைக் கழுவாமலே தங்கள் கரங்களில் தேய்க்கட்டும்."

புதுமை என்றால் மன்னனுக்குக் கரும்பு. "நன்று. கோளரியாரே, கையை நீட்டும்."

"அடியேனுக்குச் சந்தனம் ஒத்துக்கொள்ளாது, அரசே."

"போன விருந்தில் மார்பு முழுவதும் பூசியிருந்தீரே" என்றார் மறைக்காடர். "மார்புக்கு ஒத்தது கைக்கு ஒவ்வாதோ?"

"நீட்டும்" என்றான் மன்னன் மறுபடியும். குரல் மாறியிருந்தது.

உத்தரீயம் விலகியது. சந்தனக் கிண்ணத்தோடு வந்த ஊழியன் பின்வாங்கினான். கோளரியார் மண்ணில் விழுந்தார்.

"வேண்டாம், அரசே. இது ஒட்டுநோய். என்னைத் தொட்ட கை தங்களைத் தொட்டால் தங்களுக்கும் பற்றும்."

"திரு பரவாதோ?" என்றார் மறைக்காடர்.

"சிரங்குதான் பரவும்."

"பிறகு எப்படித்தான் தேய்ப்பது?" என்று மறைக்காடரே மீண்டும் கேட்டார்.

"நோயில்லாதவர்க்கு முதலில். எனக்குக் கடைசியில். ஒவ்வொருவரைத் தொட்டபின்னும் கையை வெந்நீரில் கழுவவேண்டும்."

மறைக்காடர் மன்னனை நோக்கிக் கைகூப்பினார். "பசுக்களுக்கு மருந்து தேடினோம், அரசே. தொழுவத் தலைவரே சொல்லிவிட்டார்."

மன்னன் கோளரியாரின் கையையும் மறைக்காடரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்தான். அதற்காகவே காத்திருந்த அவையும் சிரித்தது. கறப்பவர் கைகழுவ வெந்நீர் சுமக்கும் வேலை கோளரியாருக்கு வாய்த்தது. முல்லையாளைப் பார்த்து, "நீ போகலாம்" என்றார்கள். வேறெதுவும் சொல்லவில்லை.

நல்ல மடிகளை முதலில் கறந்தார்கள். நோய்ப்பட்டவற்றைக் கடைசியில் கறந்து, கெட்ட பாலைக் குழியில் ஊற்றி மூடினார்கள். பட்டத்துப் பசு பிழைக்கவில்லை. மற்றவை மெல்லத் தேறின.

திருமஞ்சனக் குடம் மீண்டும் நிறைந்த நாளில் மன்னன் அவையோரோடு தொழுவத்துக்கு வந்தான். "மறைக்காடரே, கோயிலுக்குப் போக மிஞ்சும் பாலில் முதற்கிண்ணம் இனி உமக்கு. உம் மரபுக்கும் அதுவே" என்றான்.

முல்லையாள் கைகழுவி வந்தாள். செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோல் திணித்த பொம்மையை அதன் தாய்ப்பசுவின் முன் நிறுத்தினாள். பசு அதை முகர்ந்தது, நக்கியது, மடி சுரந்தது. கறந்த பால் நுரையோடு மறைக்காடரின் கைக்கு வந்தது. அவர் பருகவில்லை.

"ஏன் தயங்குகிறீர்?"

"கழுவாதே என்று விதி செய்த அன்று நானும் தலையசைத்தேன், அரசே."

மன்னனின் புருவம் நெரிந்தது, பிறகு தளர்ந்தது. "நல்ல நாளில் இதென்ன பேச்சு? இதையும் ஒரு விகடமாகச் சொல்லும், கேட்போம்."

மறைக்காடர் பசுவைப் பார்த்தார். அது இன்னும் வைக்கோற்கன்றை நக்கிக்கொண்டிருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தார், வாய் திறக்கவில்லை. அவையோரோ, சிரிப்பதற்கு ஆயத்தமாக, மன்னனின் முகத்தையே பார்த்து நின்றார்கள்.